படுத்துக் கிடந்தவள்

நீச்சல்குளத்தின் வடிகால் சல்லடையில் சிக்கிய முடியை வாரத்துக்கு இரண்டு தடவை கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். வேறு வழி கிடையாது. கோடையில் ஹெர்டிஸ் இந்த வேலையைச் சீட்டியடித்துக்கொண்டே செய்துவிடுவாள். ஆனால் நவம்பரில் சூரியன் தெற்கு மலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, ஜனவரி முடியும்வரை தலைகாட்டாத அந்த நாட்களில், கொழகொழவென்று விரலில் சுற்றும் அந்த முடிக்கற்றையைத் தொட்டதுமே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். நரைமுடி, செம்பட்டை முடி, சாயம் போட்ட முடி, எல்லாம் சோப்பு வழவழப்போடு ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கும். எது யாருடையது என்றுகூட அவளால் சொல்லிவிட முடியும். ஊர் அவ்வளவு சின்னது. தெரியாத ஆள் முடியாக இருந்தாலாவது இவ்வளவு அருவருப்பு இருந்திருக்காது.

ஊரில் ஒரு தேவாலயம் உண்டு. அதில் ஆள் இருப்பதில்லை. எல்லாரும் குளத்துக்குத்தான் வருவார்கள். குளம் என்றால் நீந்துவதற்காக இல்லை. அதன் ஓரத்தில் இருக்கும் வெந்நீர்த் தொட்டிக்காக. பூமிக்கடியிலிருந்து கொதித்து வரும் தண்ணீரில் கழுத்துவரை அமிழ்ந்து, தலையில் பனி விழுந்துகொண்டிருக்க, கும்மிருட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். யாருடைய கார் பள்ளத்தில் இறங்கியது, யாருடைய கிடா கடலில் விழுந்தது, யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். ஹெர்டிஸ் குளத்துப் பொறுப்பாளி. உடுப்பு முழுவதையும் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிக்காமல் ஒருவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. அது அந்த நாட்டுச் சட்டம். அந்தச் சட்டத்துக்கு அந்த ஊரில் அவள்தான் வாய்.

"கோல்பெய்ன், சோப்பு போட்டியா?"

"போட்டேன்."

"எங்க போட்ட? முதுகு காஞ்சு கெடக்கு. திரும்பிப் போ."

கோல்பெய்ன் மீன்பிடிப் படகுத் தலைவன். புயலில் படகு கவிழ்ந்தபோதும் பதறாதவன் என்று பேர். ஹெர்டிஸ் திரும்பிப் போ என்றால் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போவான்.

அப்படிப்பட்டவள் குளித்து எத்தனையோ நாளாகியிருந்தது என்பதுதான் அவள் யாருக்கும் சொல்லாத விஷயம்.

குளிர்காலத்து மனச்சோர்வைக் குறும்பகல் என்று அந்த ஊரில் சொல்வார்கள். மழை பெய்கிறது என்பது மாதிரி சாதாரணமாகச் சொல்வார்கள். நாலு மெழுகுவத்தி ஏற்று, மீனெண்ணெய் குடி, கம்பளிக் காலுறை போட்டுக்கொள், தொட்டிக்கு வா. வைத்தியம் முடிந்தது. இந்த வைத்தியத்துக்குத் தலைமை மருத்துவர் ஹெர்டிஸின் நாத்தனார் பெர்க்லிண்ட். ஊர்க் கூட்டுறவுக் கடை அவள் பொறுப்பில். ஊரில் எல்லாரும் அவளுக்குத் தங்கம்தான். பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள். விடியாத காலையில் அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது, சல்லடை முடியே தேவலை என்று ஹெர்டிஸுக்குத் தோன்றும்.

"தங்கம், மூஞ்சிய ஏன் இப்படித் தொங்கப் போட்டுருக்க? மீனெண்ணெய் குடிச்சியா?"

"குடிச்சேன்."

"ரெண்டு ஸ்பூனா?"

"பாட்டிலோட குடிச்சேன்."

தொட்டியில் எல்லாரும் சிரித்தார்கள். தண்ணீர் அலம்பி விளிம்பில் வழிந்தது. அதில் தோல் பொருக்கு மிதந்ததை ஹெர்டிஸ் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. குளிர்காலத்தில் அவள் கண்ணுக்கு அழுக்கு மட்டும்தான் துலக்கமாகத் தெரியும். மற்றதெல்லாம் மங்கிப்போய்விடும்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் கோட்டைக் கழற்றாமல், பனிச் சேற்றோடு காலணியைக் கழற்றாமல், அப்படியே சோபாவில் விழுவாள். பக்கத்தில் மேசையில் காபிக் கோப்பைகள். அடியில் பூசணம் பிடித்து ஒன்றில் பச்சை, ஒன்றில் வெள்ளை. கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவில் கையை விட்டு அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். பாலா, கிண்ணமா, அதற்கெல்லாம் எழுந்திருக்க வேண்டுமே. தன் அக்குள் நாற்றம் தனக்கே அடிக்கும். காலையில் ஊரையே சோப்புப் போடச் சொல்லி விரட்டிய வாய் இது என்று நினைத்தால் சிரிப்பு வராது. காறித் துப்பத் தோன்றும், தன்மேலேயே.

குளியலறை பத்தடி தூரத்தில் இருந்தது. அந்தப் பத்தடியைத்தான் அவளால் நடக்க முடியவில்லை.

கணவன் டோர்ஃபி ஊருக்கு ஒரே மெக்கானிக். நல்லவன். சாப்பிடும்போது தாடை 'ளக் ளக்' என்று சத்தம் போடும். கோடையில் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்ததே இல்லை. டிசம்பரில் அந்தத் தாடையைக் கழற்றி ஜன்னல் வழியாக எறிந்துவிடலாமா என்றிருக்கும். பதினெட்டு வருடமாக அவனிடம் தலைவலி, முதுகுவலி, மாதவிலக்கு என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கிறாள். மகள் டாக்னி வீட்டில் இருந்தவரை அவளுக்காகவாவது எழுந்து நடமாடினாள். மகள் தலைநகருக்குப் படிக்கப் போனபிறகு அந்தச் சாக்கும் போயிற்று.

இந்தத் தடவை நவம்பர் கடைசியில் அவனிடம் சொல்லிவிட்டாள். அந்த ஊரில் முக்கியமான பேச்சைக் காருக்குள்தான் பேசுவார்கள். படகுத் துறையில் காரை நிறுத்தி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் கண்ணாடி வழியே கறுத்த கடலைப் பார்த்தபடி ஹாட் டாக் தின்றுகொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்க்காமல் பேச வசதியாக இருக்கும்.

"டோர்ஃபி. ஒண்ணு சொல்லணும்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "வேற ஆளா?"

"ஆளா. என்னால குளிக்கவே முடியல. இதுல ஆள் வேறயா."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கோப்பைகள், சோபா, குளியல், பதினெட்டு வருடத்துப் பொய். "காலையில கண்ணைத் தெறக்கறதுக்கே ரெண்டு பேர் வந்து ஒத்தாசை பண்ணணும்போல இருக்கு. தெறந்து பாத்தா எல்லாம் அசிங்கமா இருக்கு. உன்னையும் சேத்துத்தான். என்னையும் சேத்துத்தான்."

டோர்ஃபி மிச்ச ஹாட் டாக்கைத் தாளில் சுற்றி வைத்தான். "டாக்டரப் பாக்கலாமா?"

"வியாழக்கிழமை வர்ற டாக்டரா? அவர் வாசல்ல என் காரை நிறுத்தினா, சாயங்காலத்துக்குள்ள தொட்டி முழுக்கச் சேதி."

"சரி."

"யார்கிட்டயும் சொல்லாத. உங்க அக்காகிட்ட சத்தியமா சொல்லாத."

"நான் யார்கிட்ட போய்ச் சொல்லப் போறேன்."

அதோடு விடவில்லை அவன். மலைக் கணவாயைத் தாண்டி அடுத்த ஊர் மருத்துவரிடம் அவளைக் கூட்டிப் போனான். மாத்திரை வந்தது. வெயிலுக்குப் பதிலாகப் பார்க்க ஒரு விளக்கும் வந்தது. ஜன்னல் அகலம், பார்த்தால் கண்ணைக் குத்தும் வெள்ளை வெளிச்சம். அதைத் துணி துவைக்கும் அறையில், தெருவுக்குத் தெரியாத மாதிரி வைத்தான். ஒரு கால் ஆடியது. நீல நிற டேப்பைச் சுற்றிச் சரிசெய்தான். தினமும் விடிகாலையில் படுக்கையறைக் கதவைத் தட்டுவான். "எந்திரி. விளக்குப் போட்டாச்சு." அழுக்குக் காலுறைகளுக்கு நடுவே அவள் அரை மணி நேரம் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கொஞ்சம் பலன் இருந்தது. கொஞ்சம்தான்.

ஜனவரி நடுவில் ஒரு நாள் அதுவும் பலிக்கவில்லை. குளத்துக் கதவில் 'பம்பு பழுது' என்று எழுதி ஒட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். ஊர் முணுமுணுத்தது. டோர்ஃபி கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் காபி குடித்துவிட்டு, கையில் வேண்டுமென்றே கொஞ்சம் கிரீஸைப் பூசிக்கொண்டு திரும்பினான். மறுநாளும் அப்படியே. அவள் நன்றியோடு அவனைப் பார்த்தாள். அந்த நன்றியே அவளுக்குக் கசந்தது. ஒரு மனிதனைப் பொய்யனாக்கி வைத்திருக்கிறேனே என்று இருந்தது.

பிறகுதான் தோரி மாத விருந்து பற்றி அவளுக்கு உறைத்தது.

நடுக்குளிரில் ஊர் மண்டபத்தில் வருடா வருடம் நடக்கும் விருந்து அது. சாப்பாடு ஒரு சாக்கு. ஊரே காத்திருப்பது நாடகத்துக்கு. விருந்துக் குழுவில் இருப்பவர்கள், அந்த வருடம் ஊரில் யார் யார் மூக்குடைபட்டார்களோ அத்தனை பேரையும் மேடையில் ஏற்றி நையாண்டி செய்வார்கள். நையாண்டிக்கு ஆளானவர் முதல் ஆளாகச் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் அடுத்த வருடமும் அவர்தான். மேடையில் என்ன வரும் என்று குழுவில் இருப்பவர்கள் கட்டிய பெண்டாட்டியிடம்கூட மூச்சுவிடக் கூடாது. இந்த வருடம் குழுவில் டோர்ஃபி இருந்தான்.

வாரத்தில் மூன்று சாயங்காலம் ஒத்திகைக்குப் போனான். சிரித்துக்கொண்டே திரும்பி வருவான். ஒரு நாள் அவன் காலணியைக் கழற்றும்போது அவள் கேட்டுவிட்டாள்.

"என்னைப் பத்தி ஒண்ணும் இல்லையே?"

"உன் பேரு எங்கயுமே வராது. சத்தியம்."

"பேரைக் கேக்கல நான்."

"ஹெர்டிஸ், நான் உன்ன விட்டுக்கொடுப்பேனா?" என்றான். கண் நேராகத்தான் இருந்தது. அவள் நம்பினாள். நம்பாமல் இருக்கவும் தெம்பு வேண்டுமே.

விருந்தன்று குளியலறைக்குள் போக அவளுக்கு முற்பகல் முழுவதும் ஆயிற்று. ஆனால் போனாள். தலைக்குக் குளித்தாள். கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் சாப்பாட்டைத் தங்கள் மரத்தொட்டியிலேயே எடுத்துவர வேண்டும் என்பது வழக்கம். கொட்டகையில் வைத்திருந்த வாளியைத் திறந்தாள். இலையுதிர் காலத்திலிருந்து புளித்த தயிர்நீரில் ஊறிய ஆட்டு விரைகள், ஈரல் பொதிகள், எல்லாம் சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று மிதந்தன. ரோமம் பொசுக்கிய ஆட்டுத் தலை பாதி, ஒரு கண்ணோடு அவளைப் பார்த்தது. மூடி போட்ட டப்பாவில் மாதக்கணக்கில் அழுக வைத்துக் காயப்போட்ட சுறாத் துண்டுகள். திறந்தால் மூத்திர நெடி. இதையெல்லாம் ஆசையாகத் தின்பவர்கள்தான் என் பூசணம் பிடித்த கோப்பையைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே வாயால் மூச்சுவிட்டபடி எடுத்து அடுக்கினாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. சாராயமும் வியர்வையும் சுறாவும் கலந்த காற்று. டோர்ஃபி மேடைக்குப் பின்னால் போய்விட்டான். ஹெர்டிஸ் பக்கத்தில் பெர்க்லிண்ட் உட்கார்ந்தாள். "தங்கம், இன்னைக்கு அழகா இருக்க" என்று கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். சுறா வாசனையோடு கொடுத்தாள்.

முதலில் கூட்டுறவுக் கடைக்கு வந்த கெட்டுப்போன வாழைப்பழத்தை வைத்து ஒரு காட்சி. பெர்க்லிண்ட் உருண்டு உருண்டு சிரித்தாள். அடுத்து கிடா கடலில் விழுந்த கதை. ஹெர்டிஸும் சிரித்தாள். பயம் கொஞ்சம் இறங்கியது.

மூன்றாவது காட்சிக்குத் திரை விலகியபோது மேடையில் ஒரு கட்டில். அதில் டோர்ஃபி படுத்திருந்தான். கோட்டோடு, சேற்றுக் காலணியோடு. கட்டிலைச் சுற்றிலும் கோப்பைகள். கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவில் கையை விட்டு அள்ளி வாயில் அடைத்துக்கொண்டான்.

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது.

அவனுக்கு மனைவியாக வந்தது கோல்பெய்ன். பொய்முடி, உதட்டில் சிவப்புச் சாயம், கழுத்தில் குளத்துப் பொறுப்பாளியின் விசில், கையில் துடைப்பம் அளவுக்கு ஒரு பிரஷ். "சோப்பு! சோப்பு போட்டியா நீ? மாசக் கணக்கா நாறிக்கிட்டுக் கெடக்கியே!" என்று விசிலை ஊதினான். பெயர் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எல்லாத் தலையும் ஹெர்டிஸ் பக்கம் திரும்பியது. அவள் சிரிக்கிறாளா என்று பார்த்தார்கள். சிரித்தாள். தாடை வலித்தது.

"கண்ணத் தெறக்கவே முடியல பொண்டாட்டி" என்று டோர்ஃபி கட்டிலிலிருந்து கீச்சுக்குரலில் முனகினான். "ரெண்டு பேர் வந்து ஒத்தாசை பண்ணணும்." இரண்டு பேர் கார் தூக்கும் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்து, அவன் இமைக்குக் கீழே வைத்துச் சுழற்றுவதுபோல் நடித்தார்கள். பெர்க்லிண்ட் கண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு ஒரு பலகை வந்தது: 'கராஜ் கதவு பழுது.' அதற்கும் சிரிப்பு. கடைசியாக ஒரு விளக்கைக் கொண்டுவந்து போட்டார்கள். வெள்ளை வெளிச்சம் மண்டபத்தை அறைந்தது. டோர்ஃபி சட்டையைக் கழற்றி, கறுப்புக் கண்ணாடி போட்டு, வயிற்றில் களிம்பு தடவிக்கொண்டு, கடற்கரையில் வெயில் காய்பவன்போல அதன் முன்னால் கால்நீட்டிப் படுத்தான்.

விளக்கின் ஒரு காலில் நீல டேப் சுற்றியிருந்தது.

ஹெர்டிஸ் கைதட்டினாள். கை தானாகத் தட்டியது. அவள் உள்ளே ஒன்றே ஒன்றுதான் இருந்தது, சுத்தமான அருவருப்பு. அவளுடைய நாற்றம், அவளுடைய கோப்பை, காருக்குள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும் அவன் தன் உடம்பில் பூசிக்கொண்டு நின்றான். வியாதியை அவன் எடுத்துக்கொண்டான். அவளுக்கு விசிலைக் கொடுத்துவிட்டான்.

டோர்ஃபி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தான். கண் மின்னியது. குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"பாத்தியா? எல்லாத்தையும் என் தலையில போட்டுக்கிட்டேன். ஒருத்தனுக்கும் சந்தேகம் வரல. இப்ப மனசு லேசா இல்ல?"

அவன் மனதார நல்லது செய்ததாக நினைத்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. என்ன பதில் சொல்வது என்று அவள் வாயைத் திறப்பதற்குள் கோல்பெய்ன் வந்துவிட்டான். பொய்முடியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். உதட்டுச் சாயம் கன்னம்வரை இழுபட்டிருந்தது.

"டோர்ஃபி, அந்த விளக்கு எங்க கெடைக்கும்?"

"எதுக்கு?"

"என் மச்சானுக்கு." நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்குத்தான். படகுல போய் இஞ்சினைப் போட்டுட்டு, துறையை விட்டுக் கெளம்பாமலே மத்தியானம்வரைக்கும் உக்காந்துருப்பேன். வலை தைக்கறேன்னு வீட்டுல சொல்லுவேன்."

டோர்ஃபி தலையை ஆட்டினான். "தெரியும். அந்த ரெண்டு மாசம் ரொம்பக் கஷ்டம்."

அந்தக் குரல் ஹெர்டிஸுடையது. காருக்குள் அவள் பேசிய அதே இழுவை. கோல்பெய்ன் அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனான். அடுத்து பள்ளிக்கூடத்துச் சமையல்காரர் வந்தார். கிசுகிசுத்தார். அவருக்கும் டோர்ஃபி தலையை ஆட்டினான், "தெரியும்" என்றான். சுறாத் துண்டு ஒன்றைக் குச்சியில் குத்தி வாயில் போட்டுக்கொண்டு, ளக் ளக் என்று மென்றுகொண்டு, ஊரின் துக்கத்தையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தான். ஒருவரும் அவள் பக்கம் பார்க்கவில்லை. அவள்தான் விசில்காரி ஆயிற்றே.

பெர்க்லிண்ட் தன் இடத்தை விட்டு எழுந்து மேசையைச் சுற்றிப் போனாள். தம்பி தோளில் கையை வைத்தவள் அப்படியே அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"நீயுமாடா? எனக்குத் தெரியாமப் போச்சே. நான் காலையில தொட்டியில உக்காந்து சிரிச்சுட்டு, கடைக்குப் போய்ப் பின்னாடி அறையில வெளக்கப் போடாம உக்காந்துருப்பேன்டா. மணி அடிச்சா எந்திரிச்சு வந்து சிரிப்பேன். ஆள் போனதும் மறுபடி போய் உக்காருவேன்."

ஹெர்டிஸ் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தாள். அந்தப் பல்லுக்குப் பின்னால் இது இருந்ததா? இத்தனை வருடமும் அவள் வெறுத்த சிரிப்பு அது. ஒருத்திக்கொருத்தி பக்கத்துப் பக்கத்து இருட்டில் உட்கார்ந்து மீனெண்ணெய் பற்றிப் பேசியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலும் பெர்க்லிண்ட்மேலும் ஒன்றாகக் குமட்டியது.

பெர்க்லிண்ட் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். "உனக்குத்தான், தங்கம், கோயில் கட்டணும். குளிக்காத மனுசனோட எத்தனை நாள் மல்லுக்கட்டியிருப்ப."

"குளிக்காதது நான்" என்றாள் ஹெர்டிஸ்.

"என்னது?"

"படுத்துக் கெடந்தது நான். இவன் இல்ல. அந்த விளக்கு என்னோடது. பம்பும் பழுதாகல. நான் வீட்டுல கோட்டோட படுத்துக் கெடந்தேன்."

பக்கத்து மேசையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். கோல்பெய்ன் திரும்பி, "சோப்பு ராணி குளிக்கலையாம்" என்றான். அந்தப் பக்கமே சிரித்தது. நாடகம் இன்னும் முடியவில்லை என்று நினைத்தார்கள். ஹெர்டிஸ் மறுபடி சொன்னாள். இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். கைதட்டக்கூடச் செய்தார்கள்.

பெர்க்லிண்ட் அவள் கையைத் தடவிக்கொடுத்தாள். "புருஷன் பேரு கெட்டுடக் கூடாதுன்னு பாக்குற. எனக்குப் புரியுது."

பதினெட்டு வருடமாக யாருக்கும் தெரியக் கூடாது என்று செத்தவள், இப்போது சொன்னால் நம்ப ஆளில்லை. ஹெர்டிஸ் டோர்ஃபியைப் பார்த்தாள். அக்காவின் கை இன்னும் அவன் தோளில் இருந்தது. அப்பா செத்த அன்றைக்குப் பிறகு அவள் அவனைக் கட்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை. அவனுக்கு அது பிடித்திருந்தது. முகத்திலேயே தெரிந்தது. படுத்துக் கிடந்தவன் என்று இருந்தால் ஊர் நம்மிடம் இவ்வளவு பிரியமாக இருக்குமா என்று ஒரு சந்தோஷம். இவன் இப்போது வாயைத் திறக்காவிட்டால் நாளைக் காலை மகள் டாக்னியிடம் போய்விடுவேன், திரும்பி வர மாட்டேன் என்று ஹெர்டிஸ் முடிவு செய்துகொண்டாள். கோபத்தில் செய்த முடிவு இல்லை. இவனோடு ஒரே மேசையில் இனி சாப்பிட முடியாது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

டோர்ஃபியின் தாடை நின்றது. அவன் அவளைப் பார்த்தான். வாயில் இருந்ததை விழுங்கினான்.

"அவ சொல்றது நெசம்" என்றான்.

சிரிப்பு உடனே நிற்கவில்லை. அவன் இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் நல்லாத் தூங்கறேன். நல்லாத் திங்கறேன். எனக்கு ஒரு கேடும் கெடையாது. படுத்துக் கெடந்தது இவதான். எங்கிட்ட நம்பிச் சொன்னா. நான் அதை எடுத்து நாடகம் போட்டுட்டேன். நல்லதுன்னு நெனச்சேன்."

கோல்பெய்னின் முகத்தில் சிவப்புச் சாயம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. சமையல்காரர் தன் தட்டை உற்றுப் பார்த்தார். பெர்க்லிண்ட் தம்பி தோளிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. டோர்ஃபிக்காக அழுவது சுலபமாக இருந்தது. ஹெர்டிஸைத் தொட அவளுக்குப் பயமாக இருந்தது. கை அந்தரத்தில் நின்றது.

"அப்ப நான் இவன்கிட்ட சொன்னதெல்லாம்?" என்றாள்.

"ஆள் மாத்திச் சொல்லிட்ட" என்றாள் ஹெர்டிஸ்.

"இவ்வளவு நாளா நீ எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"நீ சொன்னியா?"

அழுததில் பெர்க்லிண்டின் கண் மை வழிந்து மூக்கோடு சேர்ந்து ஒழுகியது. அவளைத் தங்கம் என்று கூப்பிட அந்த மண்டபத்தில் யாருமில்லை.

ஹெர்டிஸ் டோர்ஃபியைப் பார்த்து, "எந்திரி" என்றாள்.

"ஹெர்டிஸ், நான் வந்து..."

"உங்கிட்ட அப்புறம் பேசறேன். இப்ப அந்த நாற்காலிய விடு. அவ உக்காரட்டும்."

அவன் எழுந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் தட்டையும் எடுத்துக்கொண்டு, இரண்டு மேசைகளுக்கு நடுவில் அதைப் பிடித்தபடி நின்றான். யாரும் அவனுக்கு இடம் கொடுக்கவில்லை.

பெர்க்லிண்ட் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹெர்டிஸ் மரத்தொட்டியை ஒதுக்கிவிட்டு மேசைமேல் குனிந்தாள்.

"பின்னாடி அறையில வெளக்கப் போடாம உக்காருவேன்னியே. அதை எங்கிட்ட சொல்லு. மொதல்லேருந்து சொல்லு."

பெர்க்லிண்ட் வாயைத் திறந்தாள். சுறா நாற்றம் நேராக முகத்தில் அடித்தது. ஹெர்டிஸ் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.